தேடல் முகவரியின் இலக்கணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990களின் முதல் பாதியில் இணையத்தில் தேடுவதற்கு ஆர்ச்சி (கோப்புப் பெயர்களைத் தேடுவது), வைஸ் (முழு உரையில் தேடுவது), கோபர் (பட்டியல் வழியே உலவுவது), வலை என்று பல வழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி நெறிமுறையில் (கணினிகள் தமக்குள் பேசும் விதிகளில்) பேசியது. இவை எல்லாவற்றையும் ஒரே வரி முகவரிக்குள் (யுஆர்எல்) அடக்கும் இலக்கணம் அந்த ஆண்டுகளில்தான் உருவானது. இன்று தேடல் பக்கம் கட்டுகிறவர்களும் அதே இலக்கணத்தின் அதே இடங்களில் இடறுகிறார்கள். மாணவர்களும் நிரலாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம்.

உதாரண முகவரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நிஜ முகவரியில் ரோமன் எழுத்துகள் இருக்கும். குறிகள் மட்டும் இங்குள்ளபடியே இருக்கும்.

தேடல் பெட்டியில அடிச்சா விடை வருது. அதுக்கு எதுக்குத் தனியா ஒரு முகவரி?

விடையை இன்னொருவருக்குக் காட்ட வேண்டுமே, அதற்காக. 1990இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆர்ச்சி தொடங்கியபோது, ஒரு தேடலை நண்பரிடம் சொல்ல வேண்டுமானால் "இந்த சர்வருக்கு டெல்நெட் போ, ஆர்ச்சி என்று உள்ளே நுழை, இந்தக் கட்டளையை அடி" என்று படிப்படியாக எழுதித்தர வேண்டியிருந்தது (டெல்நெட் என்பது தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி). முகவரி அந்தப் படிகளை எல்லாம் ஒரே வரியில் அடக்கிவிடுகிறது. அதைக் காகிதத்தில் எழுதலாம், மின்னஞ்சலில் ஒட்டலாம், இன்னொரு பக்கத்திலிருந்து இணைப்பாகக் கொடுக்கலாம்.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994 ஜூனில் வெளியிட்ட ஆர்எஃப்சி 1630 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எண்ணிட்டு வெளியிடும் ஆவண வரிசை) இதைத் தெளிவாகச் சொல்கிறது: தேடத்தக்க ஒரு பொருளின் முகவரியோடு தேடல் சொற்களைச் சேர்த்தால், அந்தச் சேர்க்கை முழுவதும் தேடலின் விளைவுக்குப் பெயராகிறது. கேள்விக்கே ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. கீழே வரும் விதிகள் எல்லாம் அந்தப் பெயர் வழியில் சிதையாமல் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக எழுந்தவைதான்.

முகவரியில எந்தப் பகுதி எதுக்கு? ஒரு தடவை பிரிச்சுக் காட்டுங்களேன்.

எச்டிடிபி://நூலகம்.உதாரணம்:80/தேடு?சொல்=குறள்#மேல்

முதல் முக்காற்புள்ளி வரை இருப்பது திட்டத்தின் பெயர். எந்த நெறிமுறையில் பேச வேண்டும் என்று அது சொல்கிறது. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் (சர்வரின் எந்த வாசலில் நுழைவது என்ற எண்) வருகின்றன. போர்ட்டை விட்டுவிட்டால் திட்டத்துக்குரிய வழக்கமான எண் எடுத்துக்கொள்ளப்படும்: வலைக்கு 80, கோபருக்கு 70, வைஸுக்கு 210, பிராஸ்பெரோவுக்கு (தொலைவிலுள்ள கோப்பகங்களைப் பார்க்கும் அமைப்பு) 1525. அடுத்தது பாதை. கேள்விக்குறிக்குப் பிறகு தேடல் பகுதி; அதில் = குறி புலத்தின் பெயரையும் மதிப்பையும் பிரிக்கும், & குறி ஒரு புலத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கும். # குறிக்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போவதே இல்லை. பிரவுசர் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பக்கத்துக்குள் இடம் தேடுகிறது. "நான் அனுப்பின சொல் பாதியில வெட்டுப்பட்டு வந்தது" என்கிறவர்களில் பலர், தேடல் சொல்லில் இருந்த # குறியை மாற்றி எழுதாமல் விட்டவர்கள். அதை %23 என்று எழுத வேண்டும்: % குறி, அதை அடுத்து அந்த எழுத்தின் ஆஸ்கி (கணினிகளுக்குப் பொதுவான ரோமன் எழுத்துப் பட்டியல்) எண், பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் 16ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்).

இந்த வடிவம் 1994 டிசம்பரில் ஆர்எஃப்சி 1738இல் முறைப்படுத்தப்பட்டது. தொகுத்தவர்கள் பெர்னர்ஸ்-லீ, லாரி மசின்டர், மார்க் மக்கஹில். மக்கஹில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கோபரை உருவாக்கியவர்களில் ஒருவர். வலைக்காரரும் கோபர்காரரும் ஒரே ஆவணத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்; அதில் பத்துத் திட்டங்கள் அடுத்தடுத்து இடம்பெற்றிருக்கின்றன.

ஏன் கேள்விக்குறி? வேற குறியே கிடைக்கலையா?

ஒரு எல்லைக்கோடு தேவைப்பட்டது. அதற்கு இடப்பக்கம் இருப்பது எங்கே தேட வேண்டும் என்பது. வலப்பக்கம் இருப்பது எதைத் தேட வேண்டும் என்பது. சாய்கோடு ஏற்கெனவே கோப்பகப் படிநிலைக்குப் போய்விட்டது. தேடல் சொல்லுக்குப் படிநிலை கிடையாது என்பதால் அதையும் சாய்கோட்டில் தொங்கவிட்டால் பொருள் குழம்பும். கேள்விக்குறி பார்த்தவுடன் புரிகிறது. எல்லா விசைப்பலகையிலும் இருக்கிறது. ஆஸ்கி எழுத்துத் தொகுப்புக்குள் இருக்கிறது.

ஒரே ஒரு கேள்விக்குறிக்குத்தான் எல்லை என்ற பொருள். அதற்குப் பிறகு வருவது தேடல் தரவின் பகுதி. அங்கே வரும் இரண்டாவது கேள்விக்குறியை மாற்றாமல் விட 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 அனுமதிக்கிறது. 1738இன்படி அது ஒதுக்கப்பட்ட குறி, மாற்றித்தான் எழுத வேண்டும். பழைய மென்பொருள் எங்காவது இருக்கக்கூடும் என்றால் மாற்றி எழுதுவதே நல்லது.

ஸ்பேஸ் ஒரு இடத்துல + ஆகுது, இன்னொரு இடத்துல %20 ஆகுது. எது சரி?

இடத்தைப் பொறுத்து இரண்டும் சரி. இடைவெளியை முகவரியில் அப்படியே விடக்கூடாது என்பதற்கு ஆர்எஃப்சி 1738 சொல்லும் காரணம் அச்சகத்திலிருந்து வருகிறது: முகவரியைப் படியெடுக்கும்போதும் அச்சுக் கோக்கும்போதும் தேவையான இடைவெளி காணாமல் போகும், தேவையில்லாத இடைவெளி நுழையும். ஆகவே பொது விதி %20. இடைவெளியின் ஆஸ்கி எண் 32, பதினாறடிமானத்தில் 20.

கூட்டல் குறி தேடலுக்கென்று வந்த சுருக்கம். தேடல் பகுதியில் இடைவெளிக்குப் பதிலாக + எழுதலாம் என்று ஆர்எஃப்சி 1630 அனுமதித்தது. இடைவெளியை ஏற்காத கணினி அமைப்புகள் வழியாகவும் தேடல் முகவரி எளிதாகப் போக வேண்டும் என்பது நோக்கம். பிறகு வலைப் படிவங்களும் அதையே எடுத்துக்கொண்டன. இதனால் விதி இப்படி அமைகிறது: கேள்விக்குறிக்கு வலப்பக்கம் + என்றால் இடைவெளி, இடப்பக்கம் + என்றால் வெறும் கூட்டல் குறி. பாதையில் + எழுதிவிட்டு அது இடைவெளியாகும் என்று எதிர்பார்த்தால் கோப்பு கிடைக்காது. எல்லா இடத்திலும் செல்லுவது %20 மட்டுமே, சந்தேகம் வந்தால் அதையே எழுதுங்கள்.

"சி++" மொழியைப் பத்தித் தேடினா வெறும் "சி"க்கு விடை வருது. சர்வர் கோளாறா?

பெரும்பாலும் முகவரியைக் கட்டிய நிரலின் கோளாறு. முந்தைய பதிலில் பார்த்த சுருக்கத்தின் விலை இது: + இடைவெளியாகிவிட்டதால், நிஜமான கூட்டல் குறியைக் கட்டாயம் மாற்றி எழுத வேண்டும். அதன் எண் 43. பதினாறடிமானத்தில் இரண்டு, பி. ஆகவே %2பி என்று இரண்டு தடவை வர வேண்டும். மாற்றாமல் அனுப்பினால் சர்வர் "சி" என்ற எழுத்தையும் இரண்டு இடைவெளிகளையும் பார்க்கிறது. இடைவெளிகளை உதறிவிட்டு மீதியைத் தேடுகிறது.

குறியை மாத்தி எழுதுறது எப்போ, திரும்பப் பிரிக்கிறது எப்போ? எனக்கு %2520 என்றெல்லாம் வருது.

%2520 என்பது இரண்டு தடவை மாற்றியதன் அடையாளம். முதல் தடவை இடைவெளி %20 ஆனது. இரண்டாம் தடவை அதிலிருந்த சதவீதக் குறியே %25 ஆனது. முகவரியைக் கட்டும்போது ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே ஒரு தடவை மாற்றுங்கள், பிறகு & = ? குறிகளால் கோத்துச் சேருங்கள். சேர்த்து முடித்த முழு முகவரியையும் மாற்றும் பொத்தானில் போடாதீர்கள். இரட்டை மாற்றம் நேர்வது அங்கேதான்.

பெறும் பக்கத்தில் வரிசை தலைகீழ். முதலில் & குறியில் வெட்டுங்கள், பிறகு = குறியில் வெட்டுங்கள், அதற்குப் பிறகுதான் + குறியையும் % எண்களையும் எழுத்தாக்க வேண்டும். முன்பே எழுத்தாக்கிவிட்டால் "இட்லி&வடை" என்று தேடியவருடைய %26 நிஜமான & ஆகிவிடும்; வெட்டும்போது "இட்லி" ஒரு புலமாகவும் "வடை" இன்னொரு புலமாகவும் பிரியும். + குறியை முதலில் இடைவெளியாக்கி, % எண்களைப் பின்னால் எழுத்தாக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். மாறிப்போனால் பத்திரமாக வந்து சேர்ந்த %2பி மறுபடி இடைவெளியாகிவிடும்.

கோபர் முகவரியில கேள்விக்குறியே காணோமே, அங்க தேடல் எப்படி?

கோபரில் (நெறிமுறை ஆர்எஃப்சி 1436, 1993 மார்ச்) ஒவ்வொரு உருப்படிக்கும் ஓர் எழுத்து வகை உண்டு: உரைக் கோப்புக்கு 0, பட்டியலுக்கு 1, தேடலுக்கு 7. தேடும்போது பிரவுசர் தேர்வுச் சரத்தை (உருப்படியை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடரை) அனுப்பி, ஒரு டேப் குறியை வைத்து, தேடல் சொல்லை ஒட்டி வரியை முடிக்கும். முகவரி இலக்கணம் அதை அப்படியே பிரதி எடுத்தது. டேப்பின் எண் 9 என்பதால் %09:

கோபர்://சர்வர்.உதாரணம்:70/7குறியீடு%09மீன்

சாய்கோட்டை அடுத்துள்ள 7 பாதையைச் சேர்ந்ததல்ல, வகை. அது சர்வருக்குப் போகாது. பல சர்வர்கள் தேர்வுச் சரத்தின் முதல் எழுத்திலேயே வகையை மறுபடி வைத்திருந்தன. அதனால் /11/ என்று தொடங்கும் முகவரிகள் ஏராளம். தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஒரு 1ஐ நீக்கினால் முகவரி செத்துவிடும்.

கேள்விக்குறி போட்ட கோபர் முகவரிகளும் புழங்கின. செர்ன் ஆய்வகத்தின் வலை நிரல் நூலகம் வகை 7இல் கேள்விக்குறியைக் கண்டால் அதை டேப்பாகவும், + குறிகளை இடைவெளியாகவும் மாற்றி அனுப்பியது. ஆகவே ஒரே தேடலுக்கு இரு எழுத்துமுறைகள் இருந்தன. 1738இன்படி %09தான் முறையானது.

வைஸ் முகவரி ஏன் இவ்வளவு நீளம்?

திங்கிங் மெஷின்ஸ் நிறுவனத்தில் புரூஸ்டர் கேல் முன்னின்று உருவாக்கிய வைஸ், முழு உரைத் தேடலுக்கென்றே பிறந்தது. அதற்கு மூன்று வடிவங்கள்: சர்வர்/தரவுத்தளம் என்று முடிந்தால் தேடத்தக்க தரவுத்தளம், சர்வர்/தரவுத்தளம்?சொற்கள் என்றால் ஒரு தேடல். சர்வர்/தரவுத்தளம்/வகை/அடையாளம் என்றால் தேடி எடுத்த ஓர் ஆவணம். முதல் இரண்டும் குட்டையானவை. நீள்வது மூன்றாவதுதான்.

வைஸ் சர்வரிடம் ஆவணத்தைக் கேட்கும்போதே அதன் வகையையும் சொல்ல வேண்டும். அந்த வகை தேடல் விடையோடுதான் வரும். நேரே ஆவணத்துக்கு வருகிறவர் அந்த விடையைப் பார்த்திருக்கவே மாட்டார். அதனால் வகையை முகவரிக்குள்ளேயே பொதிந்தார்கள். முகவரி ஒன்றே போதும், வேறு எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை என்ற கொள்கை இங்கே அழகாக வேலை செய்கிறது. ஆவண அடையாளமோ சர்வர் தந்த ஒரு மூட்டை. தந்த சர்வரைத் தவிர வேறு யாரும் அதைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்பது விதி. உள்ளே கோப்புப் பெயர்போல ஏதாவது தெரிந்தாலும் கை வைக்காதீர்கள்.

ஆர்ச்சிக்கு மட்டும் ஏன் தனி முகவரித் திட்டம் இல்லை?

ஆர்ச்சிக்குள் நுழைய டெல்நெட், மின்னஞ்சல், பிராஸ்பெரோ என்று பல வாசல்கள். டெல்நெட் முகவரி உங்களை வாசலில் கொண்டுபோய் விடும். எதைத் தேட வேண்டும் என்று சொல்ல அதில் இடமில்லை. பிராஸ்பெரோ வழியில் இடம் இருந்தது. அங்கே தேடலே ஒரு கோப்பகத்தின் பெயராக வேடம் போட்டது: ஆர்ச்சி, சாய்கோடு, மேட்ச், அடைப்புக்குள் அதிகபட்ச விடைகள், எத்தனையாவதிலிருந்து, எவ்வகைப் பொருத்தம், மறுபடி சாய்கோடு, தேடல் சொல். அந்தக் "கோப்பகத்தை" பட்டியலிடச் சொன்னால் விடைகள் வரும்.

கேள்விக்குறியே இல்லாமல் தேடலைப் பாதைக்குள் வைத்த வடிவமைப்பு இது. கெட்டிக்காரத்தனமானது என்றே சொல்வோம். ஆனால் எங்கே முடிகிறது இடம், எங்கே தொடங்குகிறது கேள்வி என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நடைமுறையில் மக்கள் கைக்கு எளிதாக இருந்தது ஆர்ச்சிபிளெக்ஸ் போன்ற வலைப் படிவ வாசல்கள்தான்.

"=" குறி இல்லாம வெறும் சொல் மட்டும் வர்ற பழைய முகவரிகள் என்ன வகை?

ஐஎஸ்இண்டெக்ஸ் வகை. படிவங்கள் வருமுன் எச்டிஎம்எல்லில் இருந்த ஒரே தேடல் குறிச்சொல் அது. பக்கத்தில் ஒரு பெட்டி காட்டும். அடித்த சொற்களை + கொண்டு கோத்து, அதே முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறியோடு ஒட்டும். பெட்டி ஒன்றே ஒன்று என்பதால் புலப்பெயர் தேவைப்படவில்லை.

1993இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் பிறந்த சிஜிஐ முறை (சர்வர் ஒரு நிரலை ஓட்டி விடை பெறும் வழி) இந்த வகையையும் படிவ வகையையும் வேறுபடுத்த ஒரு தந்திரம் வைத்தது: தேடல் பகுதியில் மாற்றப்படாத = குறி இல்லையென்றால், + இருக்கும் இடங்களில் வெட்டி, ஒவ்வொரு சொல்லையும் நிரலுக்குக் கட்டளை வரி வாதமாக (தொடங்கும்போதே தரும் உள்ளீடாக) கொடு. தேடல் நிரல் எழுதுகிறவர்களுக்கு அப்போது வசதியாக இருந்தது. ஆனால் வெளியார் அடித்த சொல் நேரே கட்டளை வரிக்குப் போகிறது என்பதே ஆபத்து. 2012இல் பிஎச்பி நிரல்மொழியை சிஜிஐயாக ஓட்டிய தளங்களில் அது வெடித்தது: முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி, சிறுகோடு, எஸ் என்று அடித்தால் பக்கத்துக்குப் பதில் அதன் மூல நிரலே திரையில் வந்தது. வேறு வாதங்களால் சர்வரில் விருப்பப்பட்ட நிரலையே ஓட்டவும் முடிந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு பழைய இலக்கண விதி ஒன்று விட்டுச்சென்ற ஓட்டை அது.

படிவத்துல & குறியைத் தேர்ந்தெடுத்தது தப்புன்னு சொல்றாங்களே, உண்மையா?

எங்கள் கருத்தில் உண்மை. எச்டிஎம்எல்லில் & என்பது சிறப்பு எழுத்துக் குறியீட்டின் தொடக்கம். முகவரியைப் பக்கத்துக்குள் இணைப்பாக எழுதும்போது ஒவ்வொரு & குறியையும் அதன் எச்டிஎம்எல் வடிவில் எழுத வேண்டும். மறந்தால் "காப்பி" என்ற புலப்பெயர் அதற்கு முன்னிருக்கும் & குறியோடு சேர்ந்து © ஆகிவிடும். இன்றைய எச்டிஎம்எல் விதிகள் இணைப்புக்குள் = தொடர்ந்தால் அப்படி மாற்றக்கூடாது என்று காப்பாற்றுகின்றன; பழைய பிரவுசர்கள் காப்பாற்றவில்லை.

& குறிக்குப் பதில் அரைப்புள்ளியையும் சர்வர்கள் ஏற்க வேண்டும் என்று எச்டிஎம்எல் 4 பரிந்துரைத்தது. பிரவுசர்கள் & அனுப்புவதை நிறுத்தவே இல்லை; பரிந்துரை ஏட்டோடு நின்றது. நீங்கள் & எழுதுங்கள், பக்கத்துக்குள் வைக்கும்போது மாற்றி வையுங்கள்.

தேடலுக்கு கெட்டா, போஸ்டா?

கெட். பிரவுசர் படிவத்தை அனுப்பும் இரு முறைகள் இவை: கெட் தேடல் சொல்லை முகவரியிலேயே வைக்கும், போஸ்ட் தனியாக அனுப்பும். போஸ்டில் அனுப்பினால் தேடல் சொல் முகவரியில் இருக்காது. முதல் பதிலில் சொன்ன பயன் முழுவதும் போய்விடும்: குறித்து வைக்க முடியாது, பகிர முடியாது, பின்னுக்கு வந்தால் "மறுபடி அனுப்பவா?" என்று பிரவுசர் கேட்கும்.

விதிவிலக்கு இரண்டு. ஒன்று நீளம்: 255 பைட்டுக்கு மேற்பட்ட முகவரிகளைப் பழைய மென்பொருள்கள் சரியாகக் கையாளாமல் போகலாம் என்று 1997 ஜனவரியின் ஆர்எஃப்சி 2068 எச்சரித்தது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரின் உச்சவரம்பு 2083 எழுத்தாக இருந்தது. இன்னொன்று அந்தரங்கம்: கெட் முகவரி சர்வர் பதிவேட்டிலும், வழியிலுள்ள பிராக்ஸியின் (இடைநிலை சர்வரின்) பதிவேட்டிலும் எழுதப்படும், விடையில் ஒரு இணைப்பைச் சொடுக்கினால் ரெஃபரர் தலைப்பு (எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பிரவுசர் சொல்லும் குறிப்பு) வழியாக அடுத்த தளத்துக்கும் போகக்கூடும். நோயின் பெயரைத் தேடும் பக்கம் கட்டுகிறீர்கள் என்றால் இதை யோசியுங்கள்.

விடையின் இரண்டாம் பக்கத்துக்கு "?பக்கம்=2" என்று மட்டும் இணைப்பு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் இதன் வரலாறு கொஞ்சம் முரண்டு. 1995இன் ஆர்எஃப்சி 1808 நடப்புக் கோப்பின் பெயரை வைத்துக்கொண்டு கேள்விப் பகுதியை மட்டும் மாற்றச் சொன்னது. 1998இன் 2396 கோப்பின் பெயரையும் நீக்கச் சொன்னது. 2005இன் 3986 மறுபடி பழைய வழிக்கே திரும்பியது. "தேடு?பக்கம்=2" என்று கோப்பின் பெயரோடு எழுதினால் மூன்று விதிக்கும் ஒரே விளைவுதான். இன்னொன்று: புதிய கேள்விப் பகுதி பழையதை முழுவதும் அழித்துவிடும். தேடல் சொல்லையும் மறுபடி எழுதாவிட்டால் இரண்டாம் பக்கம் காலியாக வரும்.

தேடல் சொல்லில் சாய்கோடு இருந்தாலும் எச்சரிக்கை தேவை. சில பழைய நிரல்கள் கேள்விக்குறிக்குப் பின்னுள்ள சாய்கோட்டையும் கோப்பகம் என்று எண்ணி, சார்பு இணைப்புகளை (நடப்பு முகவரியை வைத்துக் கணக்கிடப்படுபவை) தப்பான இடத்துக்குக் கொண்டுபோயின.

தேடல் பக்க முகவரிகளை ரோபாட்டுகள் தொடக்கூடாதுன்னு ஏன்?

சொற்களின் சேர்க்கைக்கு முடிவில்லை. ஆகவே தேடல் முகவரிகளுக்கும் முடிவில்லை. விடைப் பக்கத்தில் "அடுத்து", "இதுபோல" இணைப்புகள் இருந்தால் ரோபாட் (பக்கங்களைத் தானே தொடர்ந்து படிக்கும் நிரல்) வெளியே வராமல் சுற்றும், சர்வர் ஒவ்வொன்றுக்கும் நிரலை ஓட்டித் தவிக்கும். 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த ரோபாட்ஸ் கோப்பில் (ரோபாட்டுகள் எங்கே போகக்கூடாது என்று தளம் சொல்லும் கோப்பு) சிஜிஐ நிரல்கள் இருக்கும் சிஜிஐ-பின் கோப்பகத்தை அடைத்து வைப்பது வழக்கமானது இதனால்தான். தேடல் எல்லாவற்றையும் ஒரே பாதைக்குக் கீழ் வைத்திருந்தால் ஒரே வரியில் அடைத்துவிடலாம்.

தமிழ்ல தேடினா முகவரி ஏன் அனுமார் வால் மாதிரி நீளுது?

முகவரியில் ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே செல்லும். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் யூடிஎஃப்-8இல் (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறையில்) 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்து. ஆக ஒரு குறிக்கு 9. "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று 5 குறிகள். முகவரியில் 45 எழுத்து. மேலே சொன்ன 255 வரம்புக்குள் சர்வர் பெயரே இல்லாவிட்டாலும் 28 குறிகள்தான் அடங்கும்.

நீளத்தைவிடப் பெரிய சிக்கல், 1738 எந்த எழுத்துத் தொகுப்பு என்று சொல்ல வழி வைக்காததுதான். பைட்டுகள் போகும், அவை டிஸ்கி, டேப் என்ற பழைய தமிழ் எழுத்துமுறைகளா, யூனிகோடா என்று முகவரி சொல்லாது. 1990களின் இறுதியில் தமிழ்த் தளங்கள் பலவகை எழுத்துமுறைகளில் இருந்தபோது, ஒரு தளத்தின் தேடல் முகவரி இன்னொன்றில் குப்பையானது. 3986 யூடிஎஃப்-8 பக்கம் சாய்ந்த பிறகுதான் நிலைமை தெளிந்தது.

யூனிகோடுக்குள்ளும் ஒரு கண்ணி உண்டு. "கொ" என்பதை ககரமும் ஒகரக் குறியுமாக 2 குறிகளில் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று 3 குறிகளிலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே. முகவரியில் ஒன்று 18 எழுத்து, இன்னொன்று 27. தேடும் முன் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவுக்கு மாற்றாவிட்டால் "கொக்கு" ஒருவருக்குக் கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காது.

வைஸ், பிராஸ்பெரோ முகவரிகள் இன்னைக்கும் செல்லுமா?

இலக்கணப்படி இன்றும் பிழையில்லாத முகவரிகள்தான். ஆனால் திறந்துகாட்ட இன்றைய பிரவுசர்களுக்குத் தெரியாது. 2005 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 4156 வைஸையும், 4157 பிராஸ்பெரோவையும் வரலாற்றுப் பதிவாக ஒதுக்கின. கோபருக்கு அதே ஆண்டு நவம்பரில் 4266 என்று புதுப்பித்த விளக்கமே கிடைத்தது. உரையை மட்டும் காட்டும் லிங்க்ஸ் பிரவுசரில் கோபர் முகவரிகளை இன்றும் திறக்கலாம், வகை 7 தேடலும் %09 வழியாக நடக்கும்.